தாயிடமிருந்து சேய்க்கு: ஹெபடைடிஸ்-பி நோயும் பிரசவத் தாதியரும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் ஓர் இன்ஸ்பெக்டர், ஈரல் நோயைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் எழுதப் புகுவது ஏன் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் வைத்தியம் கற்றவன் அல்லன். ஆனால் இந்த விஷயம் எனக்கு ஆஸ்பத்திரியில் தெரியவரவில்லை. ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரேட்டில்தான் தெரியவந்தது.

அச்சங்கத்தின் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டக் கணக்கைச் சென்ற ஆண்டு ஐப்பசியில் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டைச் சேர்ந்த இரு அங்கத்தினர்கள் இரண்டாண்டுக்குள் அடுத்தடுத்து முன்பணம் பெற்றிருந்தார்கள். அண்ணனுக்கு வயது 44, தம்பிக்கு 39. இருவருடைய விண்ணப்பத்திலும் காரணம் 'ஈரல் நோய்க்குச் சிகிச்சை' என்றே எழுதப்பட்டிருந்தது. அண்ணனுடைய கணக்கு அதன்பின் மரணத்தின் பேரில் முடிக்கப்பட்டு, தொகை மனைவிக்கு வழங்கப்பட்டிருந்தது. "குடிப் பழக்கமோ?" என்று காரியதரிசியைக் கேட்டேன். கேட்டதற்காகப் பிற்பாடு வெட்கப்பட்டேன். "ஐயா, அந்த வீட்டில் காப்பிகூட ஒரு வேளைதான்" என்றார் அவர்.

தம்பியைப் பரிசோதித்த டாக்டர், இது ஹெபடைடிஸ்-பி என்னும் வைரஸ் கிருமியால் வந்தது என்று கண்டு, வீட்டார் அனைவரையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். 67 வயதான தாயாரின் ரத்தத்தில் அக்கிருமி இருந்தது. அந்த அம்மையாருக்கு அதுவரை இந்நோயின் அறிகுறி ஒன்றும் தோன்றியதில்லை. அப்போது முதல் மாதங்களில் கர்ப்பிணியாக இருந்த கடைசி மகளின் ரத்தத்திலும் கிருமி இருந்தது. மக்கள் மூவரும் தாம் பிறந்த நாளிலேயே இதைப் பெற்றிருக்க வேண்டும் என்பது டாக்டரின் கருத்து. நாற்பது ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஒரு கடன், எவருக்கும் நோட்டீஸ் அனுப்பாமல் வட்டியோடு வளர்ந்து, தறியில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பிக்கொண்டு போனதாக எனக்குப் பட்டது. அக்குடும்பத்தாரின் சம்மதத்தின் பேரிலேயே இதை எழுதுகிறேன். ஊரையும் பேரையும் விட்டுவிட்டேன்.

மஞ்சட்காமாலை என்ற ஒரே பெயரால் நம் ஊர்களில் பல நோய்களைக் குறிக்கிறோம். கெட்ட தண்ணீராலும் அசுத்தமான உணவாலும் வரும் காமாலை உண்டு. அதனை உண்டாக்கும் கிருமிகள் ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ என்பவை. அவை பெரும்பாலும் சில வாரங்கள் வருத்திவிட்டு நீங்கிவிடும். ஹெபடைடிஸ்-பி அப்படிப்பட்டதன்று. அது தண்ணீரால் பரவாது. ஒரே தட்டில் உண்பதாலும், தொட்டுப் பேசுவதாலும், பக்கத்தில் உட்கார்ந்து நெய்வதாலும் பரவாது. ரத்தத்தாலும், உடல் உறவாலும், சுத்தம் செய்யாத ஊசி, சவரக் கத்தி, பச்சை குத்தும் கருவி இவற்றாலும் பரவும். உடலுக்கு வெளியே உலர்ந்த ரத்தத்தில்கூட அக்கிருமி ஏழு நாட்களுக்குக் குறையாமல் உயிரோடிருக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வழி ஒன்று உண்டு. கிருமியுள்ள தாய் பிரசவிக்கும்போது, அவளுடைய ரத்தமும் பிற நீரும் படுவதால் சிசுவுக்கு அது தொற்றிவிடுகிறது. கர்ப்பத்தில் இருக்கும்போதே தொற்றுவது மிகச் சிலருக்குத்தான். பெரும்பாலும் பிரசவ வேளையிலேயே தொற்றுகிறது.

இந்நோய் எந்த வயதில் தொற்றுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பின்விளைவு அமைகிறது. வயதுவந்த ஒருவருக்குத் தொற்றினால், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே அது நிலைத்துத் தங்குகிறது. மற்றவர்கள் உடம்பு அதனைத் தானே வென்றுவிடும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குழந்தைகளிடம் தங்கிவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. சிசுவின் உடம்புக்குத் தன்னவர் யார், அயலார் யார் என்று பிரித்தறியும் சக்தி இன்னும் முதிரவில்லை. ஆகவே உள்ளே வந்த கிருமியை அது எதிர்ப்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை. பால் குடிக்கிறது, வளர்கிறது, பள்ளிக்கூடம் போகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் சென்றபின் ஈரல் சுருங்குகிறது, அல்லது ஈரலில் புற்றுநோய் தோன்றுகிறது. குழந்தைப் பருவத்திலேயே கிருமி நிலைத்துவிட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இதனால் அகால மரணம் அடைகிறார்கள். பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்குத் தோன்றும் மஞ்சள் வேறு, இது வேறு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் அநேகர்.

உலகத்தில் 25 கோடியே 40 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள் என்பது 2022-ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் செய்த மதிப்பீடு. அவர்களில் இந்தியர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர். அவ்வாண்டில் மட்டும் உலகெங்கும் பதினோரு லட்சம் பேர் இதனால் இறந்தார்கள்.

கிருமி கண்டுபிடிக்கப்பட்டது ஒரு விசித்திரமான வரலாறு. அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க் என்பவர் காமாலையைத் தேடிப் போகவில்லை. பல தேசத்து மக்களின் ரத்தத்தில் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலிய ஆதிக்குடி ஒருவரின் ரத்தத்தில் புதியதொரு பொருளைக் கண்டார். 1965-இல் வெளியிடப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் பெற்றது. அது ஹெபடைடிஸ்-பி கிருமியின் மேலுறை என்று பின்னர்த் தெளிவாயிற்று. இன்று கர்ப்பிணிகளின் ரத்தத்தில் தேடிப் பார்க்கும் எச்.பி.எஸ்.ஏஜி. என்பதும் இதுவே. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் தேதியையே உலகம் ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறது.

தாயிடமிருந்து சேய்க்குப் போகும் வழியை அடைத்தால் என்ன நிகழும் என்பதைக் காட்டிய தேசம் தைவான். அங்கே இந்நோய் மிகுதி. பீஸ்லி என்னும் டாக்டரும் அவருடைய குழுவினரும் அத்தீவின் அரசாங்க ஊழியரான ஆடவர் 22,707 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 41 பேருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. அந்த 41 பேரில் 40 பேர் இக்கிருமி உடையவர்கள். இதன்பின் அவ்வரசாங்கம் தயங்கவில்லை. 1984 ஜூலையில், கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே தடுப்பு ஊசி போடத் தொடங்கியது. 1986 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் போட்டது. தைபேயில் 1984-இல் குழந்தைகளிடையே நூற்றுக்கு 9.8 பேரிடம் இருந்த கிருமி, 1994-இல் 1.3 பேராகவும், 1999-இல் 0.7 பேராகவும் குறைந்தது. சிறுவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோயும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பு ஊசி புற்றுநோயைத் தடுத்ததை உலகம் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

இனித் தடுக்கும் முறையைக் கூறுவேன். கர்ப்பிணியின் ரத்தத்தை ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். கிருமி இருக்கட்டும், இல்லாதிருக்கட்டும், பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பு ஊசி போட வேண்டும். இதற்குப் 'பிறப்பு ஊசி' என்று பெயர். பின்பு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியில் இதுவும் அடங்கியிருக்கிறது. தாயிடம் கிருமி இருப்பது தெரிந்தால், பிறப்பு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் மற்றொரு தொடையில் போட வேண்டும். பிறந்த 12 மணிக்குள் போடுவது உத்தமம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை கூட்டுறவாளர்களுக்கு எளிதில் விளங்கும். இம்யூனோகுளோபுலின் என்பது பிறர் உடம்பில் விளைந்த எதிர்ப்புச் சக்தியைக் கைமாற்றாக வாங்கிக் கொடுப்பது. உடனே பயன்படும், சில மாதங்களில் தீர்ந்துபோகும். தடுப்பு ஊசியோ குழந்தையின் உடம்பு தானே சம்பாதித்துக்கொள்ளும் சொந்த மூலதனம். சேர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். சேர்ந்தபின் பல்லாண்டுகள் நிற்கும். கிருமி ஈரலில் வேரூன்றுவதற்குள் இரண்டும் முந்திக்கொள்ள வேண்டும். 24 மணி என்ற கணக்கு அதனாலேயே ஏற்பட்டது.

ஒன்றும் செய்யாவிட்டால் எத்தனை குழந்தைகளுக்குத் தொற்றும்? தாயின் உடம்பில் கிருமி மும்முரமாகப் பெருகிக்கொண்டிருந்தால் நூற்றுக்கு 70 முதல் 90 வரை. அவ்வளவு பெருக்கம் இல்லாவிட்டால் 10 முதல் 40 வரை. பிறப்பு ஊசியும் இம்யூனோகுளோபுலினும் காலத்தில் போட்டு, மற்ற ஊசிகளையும் முடித்தால், தொற்ற இருந்த நூறு பேரில் 85 முதல் 95 பேர் காக்கப்படுகிறார்கள். தாயின் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாயிருப்பின், அவளுக்கே கர்ப்பத்தின் 28-ஆம் வாரம் முதல் டெனோஃபோவிர் என்னும் மாத்திரை கொடுத்துக் கிருமியைத் தணிக்கும் வழியை 2020-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது. இதனால் எஞ்சிய சிலரையும் காப்பாற்ற முடிகிறது.

விவசாய அங்கத்தினர்கள் விதை நேர்த்தி செய்வதை நினைத்துக்கொள்ளலாம். விதையோடு வரும் நோய்க்கு விதையிலேயே மருந்து சேர்க்காமல், பயிர் வளர்ந்தபின் எத்தனை முறை தெளித்தும் பயன் என்ன? நெசவாளர்களுக்கோ சொல்லவே வேண்டாம். பாவில் இழை அறுந்தால் அறுந்த இடத்திலேயே முடிச்சிட்டுவிட வேண்டும். ஐந்து முழம் நெய்த பிறகு கண்டுபிடித்தால் துணியில் கோடு விழுந்ததுதான்.

நம் தேசத்தில் இந்தத் தடுப்பு ஊசி 2002-03-இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு உட்படப் பத்து மாநிலங்களுக்கும், 2011-12-இல் தேசம் முழுமைக்கும் விரிந்தது. முன்பு வெளிநாட்டிலிருந்து வந்த மருந்தின் விலை சாமானியருக்கு எட்டாததாக இருந்தது. 1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் கம்பெனி இங்கேயே அதைத் தயாரித்ததும் விலை வெகுவாக இறங்கிற்று. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும் கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலினும் இலவசமாக வழங்க ஏற்பாடு உண்டு. ஆகவே மருந்து இருக்கிறது, பணமும் வேண்டியதில்லை. பிரசவங்களோ தமிழ்நாட்டில் ஏறக்குறைய அனைத்தும் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதனை நூற்றுக்கு 99.6 என்று காட்டுகிறது. அப்படியிருந்தும் சில குழந்தைகளுக்கு முதல் நாள் ஊசி தவறுவது எதனால்? இந்தக் கேள்விக்கு விடை, பிரசவம் பார்க்கும் தாதியர் என்ன அறிந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

சென்ற கூட்டுறவு வாரத்தில் மேற்படி சங்கத்தில் வழக்கம்போல் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடாகியிருந்தது. கூட்டுறவுத் தத்துவங்களைப் பற்றி நானே மூன்று ஆண்டுகளாக அங்கே பேசியிருக்கிறேன், கேட்டவர்களுக்கும் அலுத்திருக்கும். அதற்குப் பதிலாக அப்பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரை அழைக்கலாம் என்று தலைவரிடம் சொன்னேன். இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த அந்த அம்மையார் ஒளிவுமறைவின்றிப் பேசினார். அவர் கூறியதன் சாரம் வருமாறு:

"தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த நோய் வருமா என்று கேட்டால், எங்களில் எல்லாரும் வரும் என்போம், பரீட்சைக்குப் படித்ததுதானே. எத்தனை மணிக்குள் ஊசி என்று கேட்டால் சிலர் யோசிப்போம். இம்யூனோகுளோபுலின் இந்த ஆஸ்பத்திரியில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால், பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நானே வெகு நாள் வரைக்கும் காமாலை என்றால் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். எச்.ஐ.வி. பற்றி எங்களுக்குப் பல தடவை வகுப்பு நடந்தது. அதைவிடச் சுலபமாய்த் தொற்றும் இதைப் பற்றி அவ்வளவு சொல்லித் தரவில்லை."

இது அந்த ஒருவரின் குறையன்று. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிரசவத் தாதியரிடம் நடத்திய ஆராய்ச்சிகளில் இதே நிலைமை திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. நோயின் பெயர் தெரிகிறது, பரவும் வழியும் பொதுவாகத் தெரிகிறது. மணிக்கணக்கும், மருந்தின் இரு வகையும், தாய்ப்பால் கொடுக்கலாமா என்பதும் வரும்போது தடுமாற்றம் உண்டாகிறது. சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு காரியதரிசி, அன்றாடக் கணக்கை அன்றே எழுதாமல் வைத்திருப்பதை நான் பார்த்ததுண்டு. அறிவில் இரண்டு வகை இருக்கிறது போலும்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் ஒரு பாட்டி. "கண்கூடத் திறக்காத பச்சைப் பிள்ளைக்கு முதல் நாளே ஊசியா, நர்ஸம்மா? முப்பது நாள் போகட்டுமே" என்றார். "பாட்டி, முப்பது நாள் நாம் பொறுப்போம்; கிருமி பொறுக்காதே" என்று பதில் வந்தது. எடை குறைந்த குழந்தைக்கும், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும் இந்த ஊசி கூடாது என்று சில தாதியரே எண்ணித் தள்ளிப்போடுவதுண்டு என்றும், அது தவறு என்றும் அவர் விளக்கினார். இரண்டு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்குப் போட்டால், அதைக் கணக்கில் சேர்க்காமல் பின்னர் வரும் ஊசிகளை முழுமையாகப் போட வேண்டும் என்பதே விதி. கிருமியுள்ள தாயின் குழந்தையாயின், தோலில் பட்டிருக்கும் ரத்தத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஊசி போட வேண்டும்.

தாய்ப்பால் பற்றி ஓர் இளந்தாய் கூச்சத்தோடு கேட்டாள். அவளுடைய உறவுப் பெண் ஒருத்திக்குக் கிருமி இருப்பதாகத் தெரிந்ததும் மாமியார் பிள்ளையைப் பிரித்துப் புட்டிப்பால் கொடுத்தாராம். இது வேண்டாத கொடுமை. கிருமியுள்ள தாய் பால் கொடுக்கலாம். ஊசி போட்ட குழந்தைக்கு அதனால் நோய் வருவதில்லை. இந்நோய் ஒன்றுக்காக மட்டும் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கவும் வேண்டியதில்லை. தனித் தட்டு, தனிப் பாய் முதலியவையும் வேண்டாம். கணவனும் மற்றக் குழந்தைகளும் பரிசோதித்துக்கொண்டு, கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையானால் ஊசி போட்டுக்கொள்வதே போதும். பிரசவத்தோடு தாயின் வைத்தியம் முடிந்துவிட்டதாக எண்ணாமல், அவளையும் டாக்டரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும். பிள்ளைக்கு ஓடிய வீட்டார் தாயை மறந்துவிடுகிறார்கள் என்று செவிலியர் சற்றுக் கோபமாகவே சொன்னார்.

கீழாநெல்லியைப் பற்றி ஒருவர் கேட்காமல் இருப்பாரா? கேட்டார். இதற்கு நான் படித்த செய்தியைச் சொன்னேன். 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவினர், மேற்சொன்ன பிளம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் இக்கிருமியின் அடையாளம் மறைந்ததாக லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பின் வேறு தேசங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மூலிகை ஜயிக்கவில்லையே என்று எனக்கும் வருத்தந்தான். எப்படியாயினும், கீழாநெல்லியை நம்பிப் பிறப்பு ஊசியைத் தள்ளிப்போட இடமே இல்லை.

அன்று பேசியவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவை புட்டியும் சாவியும். தடுப்பு மருந்து பத்துக் குழந்தைகளுக்கான புட்டிகளில் வருவதுண்டு. ஒரே ஒரு குழந்தை பிறந்த இரவில், அதற்காகப் புட்டியைத் திறந்தால் மற்ற ஒன்பது பங்கும் வீண் என்று மேலே கேள்வி வருமோ என அஞ்சி, திறக்காமலே விட்டுவிடும் தாதியர் இருக்கிறார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் இங்கே அது இடம் தெரியாத சிக்கனம். உண்மையில், குளிர் மாறாமலும் சுத்தமாகவும் வைத்திருந்தால் திறந்த புட்டியை நான்கு வாரம் வரை உபயோகிக்க விதி அனுமதிக்கிறது. அவ்விதியைத் தெரிந்த தாதி துணிந்து திறக்கிறாள். தெரியாதவள் விடியட்டும் என்கிறாள். இனிச் சாவி. மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்கும். குளிர்ப்பெட்டி உள்ள அறை பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் சனிக்கிழமை மாலை ஊருக்குப் போயிருப்பார். நூல் கிடங்கின் சாவியோடு காரியதரிசி கல்யாணத்துக்குப் போய்விட்டதால், நெசவாளர்கள் இரண்டு நாள் தறியை நிறுத்திய சங்கத்தை நான் அறிவேன். அங்கே நஷ்டம் இரண்டு நாள் கூலி. பிரசவ அறையின் பக்கத்திலேயே மருந்தும், இரவிலும் விடுமுறையிலும் அதற்குப் பொறுப்பான ஒருவரும் இருக்க வேண்டும் என்பது, படிப்பறிவைவிட நிர்வாக அறிவைச் சேர்ந்த விஷயம்.

குளிர் விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இம்மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும், உறைந்துபோனால் கெட்டுவிடும். குளிர் அதிகமானால் இன்னும் நல்லது என்று பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பவர்கள் மருந்தைக் கொன்றுவிடுகிறார்கள். சாயம் போடுவோருக்குத் தெரிந்த படிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த ஓர் அலுமினிய உப்பு இதில் கலந்திருக்கிறது. உறைந்து உருகினால் அது திரித்திரியாகிவிடும். திரிந்த பாலைப் போல மறுபடி சேராது. சந்தேகம் வந்தால், புட்டியைக் குலுக்கி வைத்து, அடியில் விரைவாகப் படிகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கத் தாதியருக்குப் பயிற்சி உண்டு.

தாதியர் தம்மைக் காத்துக்கொள்வதும் இந்த அறிவின் ஒரு பாகம். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவரைக் கிருமி மிகுந்த ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், நூற்றுக்கு முப்பது பேர் வரை நோய் தொற்றக்கூடும், எச்.ஐ.வி.க்கு இக்கணக்கு ஆயிரத்துக்கு மூன்றே. பிரசவம் பார்ப்பவர் ஒவ்வொருவரும் மூன்று ஊசிகள் போட்டுக்கொண்டு, எல்லாத் தாய்மாருக்கும் ஒரே விதமாகக் கையுறை அணிந்து, பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். யாரிடம் கிருமி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. தனக்கு ஊசி போட்டுக்கொள்ளாத தாதி அஞ்சுகிறாள். அஞ்சுகிறவள் தாயை மூலைக் கட்டிலுக்கு ஒதுக்குகிறாள். அதைப் பார்த்த மற்றப் பெண்கள் பரிசோதனைக்கே வர மறுக்கிறார்கள்.

கர்ப்பிணியின் வீட்டார் கேட்க வேண்டியவை சில உண்டு. தாய்-சேய் நல அட்டையில் எச்.பி.எஸ்.ஏஜி. பரிசோதனையின் முடிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். பிரசவமானதும் பிறப்பு ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேட்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியானாலும் கேட்கத் தயங்கலாகாது. கேட்பவரைக் கண்டு நல்ல தாதி கோபித்துக்கொள்வதில்லை என்பது அந்தச் செவிலியரின் வாக்கு.

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருகிறேன். கடைசி மகளுக்கு ஏற்கெனவே ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. அக்குழந்தையின் பழைய அட்டையைச் செவிலியர் வாங்கிப் பார்த்தார், நானும் பார்த்தேன். மற்றக் கட்டங்களில் எல்லாம் தேதி இருந்தது. தாயின் ரத்தப் பரிசோதனைக் கட்டமும் பிறப்பு ஊசிக் கட்டமும் வெறுமையாக இருந்தன. அந்தப் பிரசவம் வேறோர் இடத்தில் நடந்தது. ஏன் விட்டார்கள் என்று இப்போது சொல்லுவார் இல்லை. குழந்தையின் ரத்தத்தில் கிருமி இருக்கிறது. ஈரலுக்குக் கெடுதி ஒன்றும் இல்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், காலந்தவறாமல் பரிசோதித்தால் போதும் என்று டாக்டர் கூறியிருக்கிறார். அவள் பள்ளிக்கூடம் போகிறாள், விளையாடுகிறாள். அதற்குத் தடை எதுவும் இல்லை.

இரண்டாவது பிரசவத்துக்குச் செவிலியர் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார். தாயின் ரத்தத்தில் கிருமி மிகுதி என்று தெரிந்து, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் 28-ஆம் வாரம் முதல் மாத்திரை கொடுத்தார். அட்டையின் மேற்புறத்தில் செவிலியர் சிவப்பு மையால் பெரிதாக எழுதிவைத்தார். இம்யூனோகுளோபுலின் வந்துசேர்ந்துவிட்டதா என்று இருமுறை போய்ப் பார்த்துவந்தார். கடந்த வைகாசியில், ஒரு சனிக்கிழமை இரவில், நினைத்தது போலவே அகாலத்தில் பிரசவமாயிற்று. ஆண் குழந்தை. அன்று சாவி பிரசவ அறையிலேயே இருந்தது.

சென்ற வாரம் அச்சங்கத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஐயா கணக்குப் பார்க்கிறவங்க, இதையும் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்க" என்று அட்டையை மேஜைமேல் வைத்தாள். கட்டங்களில் 6, 10, 14-ஆம் வாரத்துத் தேதிகள் வரிசையாக இருந்தன. பிறப்பு ஊசிக் கட்டத்தில் தேதி எழுத மட்டுமே இடம் உண்டு. அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் மணியும் எழுதப்பட்டிருந்தது: பிறந்தது இரவு 11.20, ஊசிகள் இரண்டும் 12.45. ஒன்பது மாதம் நிறைந்ததும் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். அது மாசியில் வருகிறது.